இடது குழலின் குண்டுகள்

மர்டோ மாத்தெசன் சுட்டுத் தவறிய குண்டு எட்டு ஆண்டுகளாக க்ளென் ஆர்வா பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஞாயிறு தவிர எல்லா நாளும், மாலைத் தேநீருக்குச் சற்று முன், நெஞ்சு உயரத்தில் தபால் நிலையத்தைக் கடக்கும். தெருவில் நிற்பவர்கள் குனிவார்கள். ஆட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தால் குனிந்தபடியே பேசுவார்கள், விலையும் குறையாது.

அவர் சுட்டது லண்டனில் செய்த பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியால். இரு குழல்களின் குண்டும் ஒரே இடத்தில் சேர வேண்டுமென்று, ஒரேயொரு வகைத் தோட்டாவுக்கு ஏற்றபடி குழல்களைச் சாய்த்து ஒட்டியிருந்தார்கள். அந்தத் தோட்டா செய்வது நின்றுபோயிற்று. வேட்டைக்கு வருகிறவர்களை மலையேற்றி வழிகாட்டும் மர்டோ வேறொன்றைப் போட்டுச் சுட்டார். வலது குண்டு கலைமானின் தொடையைக் கிழித்தது. இடது குண்டு துணையைக் காணாமல் சுற்றப் புறப்பட்டது. காயத்தோடு மானை ஓடவிட்ட வேட்டை வழிகாட்டிக்கு அந்தப் பக்கத்தில் மன்னிப்பில்லை. வேட்டை மலையைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் மேனேஜர் பார்க்ளே அவரை வேலையிலிருந்து எடுத்து மலையை விட்டு இறக்கினார். மர்டோ மலை தெரியும் ஜன்னலுக்குத் திரை போட்டு அடுப்போரம் உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவை மறுபடி மலையேற்றுவது என்று மகள் எஃபி முடிவு செய்தாள். நின்றுபோன தோட்டாவைத் தானே செய்ய, சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கினாள், சமையலடுப்பில் ஈயம் உருக்கிக் குண்டு வார்த்தாள், வெடிமருந்தை அளந்து அடைத்தாள். தேவாலயத்துப் பின்புறச் சமதரையில் குண்டுகள் சொன்ன பேச்சைக் கேட்டன. மலைமேல் நின்று, அப்பா தவறவிட்ட சரிவை நோக்கிச் சுட்டால் இடது குண்டு விலகிப் போய், சுற்றுகிற குண்டோடு சேர்ந்துகொண்டது. வசந்தத்துக்குள் ஒரு கூட்டமே தபால் நிலையத்தைக் கடந்தது.

தபாலும் மளிகையும் சேர்த்துப் பார்க்கிற டூகல், உப்பை நிறுத்துக்கொண்டே சொன்னார்: “ஏம்மா எஃபி, உங்கப்பன் ஒண்ணுதான் விட்டான். நீ மந்தையே ஓட்டி விட்டிருக்கே.”

“எண்ணி வெச்சுக்குங்க மாமா, இன்னும் வரும்,” என்றாள் எஃபி.

ஒருநாள் ஒரு தோட்டாவைக் காதருகே ஆட்டினாள். உள்ளே மருந்து முன்னும் பின்னும் ஓடியது. புது மருந்துக்கு வீரியம் அதிகம், கொஞ்சமே போதும். நீளக் கூட்டில் பாதி காலி. துப்பாக்கியைச் சரிவில் கீழ்நோக்கிப் பிடித்தால் மருந்து முன்னால் சரிந்து, பின்னால் பற்றும் நெருப்பை விட்டு விலகிவிடுகிறது; குண்டின் வேகம் மாறி, இரண்டும் ஓரிடத்தில் சேர்வதில்லை. சமதரையில் பார்த்துச் சரியென்று நம்பியது அவள் பிழை. மருந்தை அசையாமல் பிடித்துவைக்க இலவம் பஞ்சு வேண்டியிருந்தது.

“என் தலைகாணியில பஞ்சு எங்கடி?” என்றார் மர்டோ.

“மலைக்குப் போயிருக்குப்பா.”

பார்க்ளே பார்த்திருக்க அதே சரிவில் எஃபி இரு குழலையும் சுட்டாள். அவர் இறங்கிப் போய், பையிலிருந்த ஓட்ஸ் ரொட்டியை இலக்கின்மேல் வைத்தார். இரண்டு ஓட்டைகளும் அதனடியில் மறைந்தன. தப்பு தோட்டாவுடையது, ஆளுடையதல்ல என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் சுற்றுகிற குண்டுகளை முதலில் நிறுத்தினால்தான் மர்டோவுக்கு மறுபடி வேலை என்றார்.

“அது எங்க வீட்டு விஷயம் சார். மலைதான் உங்க விஷயம். திங்கக்கிழமை அப்பா வருவாரு.”

திங்கட்கிழமை மர்டோ மலையேறினார். குண்டுகள் தபால் நிலையப் பக்கம் வரவில்லை. அவருக்குப் பின்னால், அவர் நடைவேகத்துக்கு, வரிசையாக மேலே போயின. வேட்டைக்கு வரும் லண்டன்காரர்கள் முதல் நாள் அதைப் பற்றிக் கேட்பார்கள். மறுநாள் ஒதுங்கி வழி விடுவார்கள்.