படிக்கட்டில் சொன்னது

இரவு எட்டு மணி ஆனதும் அவள் கைபேசியின் விளக்கைப் போட்டுக்கொண்டு தம்பியின் முன்னால் வந்து நிற்பாள். அவன் மாத்திரையை வாயில் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை முழுதாகக் குடித்துவிட்டு வாயைத் திறந்து காட்டுவான். நாக்கைத் தூக்கச் சொல்வாள். இரண்டு கன்னத்தின் உட்புறத்திலும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பாள். தையற்கடையில் இருபது வருடமாக நூல் பிசிறு பார்த்துப் பழகிய கண்கள் அவளுக்கு, ஒன்றும் தப்பாது. "பல் டாக்டர்கூட இவ்வளவு கரிசனமா பாக்க மாட்டான்க்கா" என்று முதல் வாரம் அவன் சிரித்தான். இரண்டாவது வாரம் சிரிக்கவில்லை.

முப்பத்தாறு வயது ஆண்பிள்ளையை இப்படி வாயைப் பிளக்க வைக்கிறோமே என்று அவளுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியின் எச்.ஐ.வி. பிரிவில் மாத்திரை எடுத்துக் கொடுத்த பெண் அவளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தாள். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. போதை ஊசி போட்டுப் பழகினவர்கள் இரண்டே மாதத்தில் விட்டுவிடுவார்கள், அவர்கள் பேச்சை நம்பவே கூடாது, பக்கத்தில் இருந்து விழுங்க வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான கட்டத்தில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். வேறு யார் இருக்கிறார்கள்? அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பி மனைவி பிறந்த வீட்டுக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. இவளும் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்தவள்தான். இரண்டாம் மாடியில் ஒன்றரை அறை வீடு, அதில் அக்காவும் தம்பியும்.

பன்னிரண்டாம் நாள் காலை இருவரும் ஒன்றாகப் படியிறங்கினார்கள். அவளுக்குக் கடை திறக்க வேண்டும். அவன் வழக்கம்போல் சிரப் குடிக்கப் போக வேண்டும். ஊசியை விட்டவர்களுக்கு உடம்பு அதைக் கேட்காமல் இருக்கக் காலையில் ஒரு வேளை சிரப் கொடுக்கும் இடம் ஊரின் மறுகோடியில் இருந்தது. நர்ஸ் முன்னால் குடித்துக் காட்டிவிட்டு அவன் பட்டறைக்குப் போவான். வெல்டிங் வேலை. ஒன்பது மாதமாக ஒரு நாள் தவறாமல் குடித்து, ஒன்பது மாதமாக ஊசியைத் தொடாமல் இருந்தான்.

பாதிப் படியில் நின்றான். கைப்பிடியில் உரிந்திருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னான்.

"அக்கா, இந்த மாத்திரை ஆரம்பிச்சதிலேருந்து சிரப் நிக்க மாட்டேங்குது. முன்னாடி மறுநாள் காலை வரைக்கும் தாங்கும். இப்ப விடியறதுக்கு முன்னாடியே கை கால் இழுக்குது. மாத்திரை அதைத் தின்னுடுதோன்னு தோணுது."

அவனைப் பார்த்தாள். கண்ணில் நீர், மூக்கில் நீர், ஒன்றை விழுங்குவதற்குள் அடுத்த கொட்டாவி. பதினைந்து வருடமாக அவளுக்குப் பழக்கமான முகம். அந்த முகத்துக்குப் பின்னால் எப்போதும் ஏதாவது ஒரு கோரிக்கை வரும்.

"நிறுத்தணும்னா நிறுத்தப் போறேன்னு சொல்லு. மாத்திரை மேல பழி போடாதே."

அவன் இன்னும் கொஞ்சம் பெயிண்டைச் சுரண்டினான். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அவள் நம்பாததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு முறை தையல் மெஷின் மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டு, புகை வந்தது, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று ஒரு மாதம் கதை சொன்னான். மெக்கானிக்குக் கல்யாணம், மெக்கானிக்குக் காய்ச்சல், மெக்கானிக் ஊரிலேயே இல்லை என்று அந்த இல்லாத மெக்கானிக்குக்கு ஒரு குடும்பத்தையே உருவாக்கினான். அவளும் அந்த ஆளுடைய குழந்தைக்கு உடம்பு தேவலையா என்று விசாரிக்கும் அளவுக்கு நம்பினாள். அம்மாவை அடக்கம் செய்யப் போகும்போது வண்டி கூட்டி வருகிறேன் என்று போனவன் மறுநாள்தான் திரும்பினான். பொய் சொல்லும்போது கண்ணோடு கண் பார்த்து, இமைக்காமல், வாய் கூசாமல் சொல்வான். அதில்தான் எல்லோரும் ஏமாந்தார்கள். படிக்கட்டில் அவன் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு பேசினான் என்பது அன்று அவளுக்கு உறைக்கவில்லை.

இன்னொன்றும் உறைக்கவில்லை. எச்.ஐ.வி. பிரிவில் அவன் சிரப் குடிப்பதைச் சொல்லவே இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தான். இன்னும் சிரப்பில் இருக்கிற ஆள் என்று தெரிந்தால் மாத்திரை தர மாட்டார்கள் என்று வரிசையில் யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். சிரப் கொடுக்கும் இடத்தில் எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லவில்லை. அங்கே ஜன்னல் வழியாகத்தான் எல்லாப் பேச்சும். உள்ளே சொல்வது வெளியே வரிசையில் நிற்பவனுக்குக் கேட்கும். வரிசையில் பட்டறை ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். விஷயம் தெரிந்தால் முதலாளி அன்றைக்கே கையுறையைக் கழற்றச் சொல்லிவிடுவார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கியிருந்தான். மாத்திரை கொடுத்தவர்களுக்குச் சிரப் தெரியாது, சிரப் கொடுத்தவர்களுக்கு மாத்திரை தெரியாது. அவனைத் தவிர இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அவள். இதை அவள் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள், பாவாடைக்கு மடிப்பு வைக்கும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது, ஒன்றும் செய்யாமல் பேருந்துக்கு நிற்கும்போதும்.

அந்த நாட்களில் விடியும் முன்பே அவன் எழுந்துவிடுவான். சமையலறைக்கும் வாசலுக்கும் நடக்கும் சத்தம் அவள் தூக்கத்துக்குள் வரும். விரிப்பு வியர்வையில் நனைந்து அவன் உடம்பின் வடிவத்தில் கிடக்கும். மறுபடி ஆரம்பித்துவிட்டானோ என்றுதான் அவள் பயந்தாள். கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். பட்டறையில் அவன் கை நடுங்கியது. பற்றவைப்பு கோணல்மாணலாக விழுந்தது. முதலாளி அவனை வெல்டிங்கிலிருந்து எடுத்து, இரும்பைத் தேய்க்கும் வேலையில் போட்டார். ஒரு நாள் மாத்திரை போட்ட கையோடு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தான். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அவள் அதைக் கேட்டுவிட்டாள். அடுத்த நாளிலிருந்து மாத்திரை விழுங்கிய பிறகு ஒரு மணி நேரம் அவளுக்கு எதிரிலேயே உட்கார வேண்டும் என்று விதி. அவள் பொத்தான் தைப்பாள், அவன் கடிகாரத்தைப் பார்ப்பான்.

இருபத்து மூன்றாம் நாள் அவன் எதுவும் முரண்டு பிடிக்கவில்லை. விழுங்கினான், நாக்கைத் தூக்கிக் காட்டினான், ஒரு மணி நேரம் உட்கார்ந்தான், போர்த்திக்கொண்டு படுத்தான். வழிக்கு வந்துவிட்டான் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. காலையில் அவள் கண்விழித்தபோது ஆள் இல்லை. அவள் எழுந்துவிடக் கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கியதாகக் கீழ்வீட்டுக்காரி சொன்னாள். டப்பாவில் ஏழு மாத்திரை மிச்சம் இருந்தது.

ஏழு மாதம் தேடினாள். பட்டறையில் அவன் பெயரை எடுத்தாலே முகம் திருப்பினார்கள். சிரப் கொடுக்கும் இடத்தில், தொடர்ந்து வரவில்லை, பெயரை எடுத்துவிட்டோம், திரும்ப வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள். எச்.ஐ.வி. பிரிவிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. ஓடிவிட்டான் என்று சொன்னாள். அவங்க அப்படித்தான்மா என்று அந்தப் பக்கம் ஆறுதல் சொன்னார்கள். அவளும் கேட்டவர்களிடம் எல்லாம் அப்படித்தான் சொன்னாள். அவன் அப்படித்தான். சொல்லச் சொல்ல அந்த வார்த்தை வசதியாக இருந்தது, நாள்பட்ட செருப்பு மாதிரி.

எட்டாவது மாதம் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைத்தார்கள். வேறு ஓர் ஆஸ்பத்திரி. காய்ச்சலும் இருமலுமாக யாரோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நினைவு வந்ததும் அக்காவின் எண்ணைச் சொல்லியிருக்கிறான்.

கட்டிலில் கிடந்தவனை அவள் காதை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டாள். மற்றதெல்லாம் எலும்பாக இருந்தது. முழங்கையின் உட்புறம் முழுக்கப் புதிய ஊசித் தழும்புகள். "வந்துட்டியாக்கா" என்றான், கடைக்குப் போய்த் திரும்பியவளைக் கேட்பதுபோல. மறுநாள் டாக்டரம்மா வந்தாள். சின்ன வயசு, அவசரம் இல்லாத பேச்சு. பழைய மருந்து விவரம் எல்லாம் வேண்டும் என்றாள். அவனுக்கு மூச்சு வாங்கியது. எனவே அக்காவே சொன்னாள். சத்தியத்தை எல்லாம் பார்க்கவில்லை. எந்த மாத்திரை, எந்தச் சிரப், எத்தனை மாதம் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள்.

"ரெண்டையும் ஒரே சமயத்துலயா? இந்த மாத்திரை போட்டா அந்த சிரப் உடம்புல பாதியா குறைஞ்சிடும். பத்து, பதினஞ்சு நாள்ல தெரிஞ்சிடும். சிரப்பைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருந்தா போதும், இல்லன்னா மாத்திரையை மாத்தியிருக்கலாம். சின்ன விஷயம்." அவன் பக்கம் திரும்பிக் கேட்டாள். "அப்ப ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா? யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் தலையைத் திருப்பி, டாக்டரம்மாவைக் கண்ணோடு கண் பார்த்தான். இமைக்கவில்லை.

"இல்ல டாக்டர். எனக்கு ஒண்ணும் தெரியல. யார்கிட்டயும் சொல்லல."

டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். தண்ணி வேணுமா என்று அக்கா கேட்டாள். வேண்டாம் என்றான். நீ சாப்பிட்டியா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றாள். சாப்பிட்டிருக்கவில்லை.

மத்தியானம் வரைக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து நடைவழியின் கடைசியில் இருந்த டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போகாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவன் சொன்னான்மா. என்கிட்ட சொன்னான். நான்தான் நம்பல."

எப்படி நம்பாமல் போனாய் என்று கேட்பாள், அதற்கு மோட்டார் கதையைச் சொல்ல வேண்டும், மெக்கானிக் கதையைச் சொல்ல வேண்டும் என்று வரும் வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். டாக்டரம்மா எதிர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். மாத்திரை ஆரம்பித்து எத்தனையாவது நாள் சொன்னார் என்று கேட்டாள். பன்னிரண்டாவது நாள் என்றாள். என்ன சொன்னார், அதே வார்த்தையில் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. நின்ற படி, பெயிண்டின் நிறம், கொட்டாவியின் எண்ணிக்கை உள்பட எல்லாம் இருந்தது. சொல்லி முடித்தபோது டாக்டரம்மா சீட்டில் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். நாடித்துடிப்பை எழுதுவதுபோல்தான் அதையும் எழுதினாள்.

நுரையீரல் மோசமாகத்தான் இருக்கிறது, பத்து நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்றாள். ஆனால் இப்போதே சிரப் கொடுக்கும் இடத்தில் பேசி, இரண்டு மருந்தையும் ஒரே ஆள் பார்க்கும்படி செய்ய வேண்டும். அதற்கு அவர்களிடம் எச்.ஐ.வி. விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "சொல்லிடலாமா?" என்று கேட்டாள்.

சொல்லுங்க என்று வாய் வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டாள்.

"அவன்கிட்ட கேட்டுட்டு வந்துடுறேம்மா."

வார்டில் வெயில் கட்டில்களின் கால்வரை வந்திருந்தது. தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். தூக்கத்திலேயே இடது கையை முகத்துக்கு நேராக ஒரு மறைப்புப்போலத் தூக்கிப் பிடித்திருந்தான். வலது கை எதையோ பிடித்தபடி, காற்றில், ஒரே சீராக, விரற்கடை விரற்கடையாக நகர்ந்துகொண்டிருந்தது. கை நடுங்கவில்லை. எங்கேயோ இரண்டு இரும்பு ஒன்று சேர்ந்துகொண்டிருந்தது. எழுப்ப நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள். பட்டறை வாசலில் நிற்பவர்கள் செய்வதுபோல் பற்றவைக்கும் வெளிச்சத்திலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டு, அவன் முடிக்கட்டும் என்று கட்டிலின் தலைமாட்டில் நின்றாள்.