ஊறாத பிஸ்கோத்து

ஷாகுல் ஹமீதின் டீக்கடையில் பிஸ்கோத்து முக்கும் பந்தயம் என்றால் ராயபுரமே சிரிக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் டீயில் முக்க வேண்டும். யாருடையது முதலில் ஊறி விழுகிறதோ, அவன்தான் அன்றைக்குக் கப்பலின் அடிக்கிடங்கில் முதல் ஆளாக இறங்க வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அந்தக் கூட்டத்தின் ஏற்பாடு அது. மேஸ்திரி கைகாட்டினால் சண்டை வரும். பிஸ்கோத்தோடு யார் மல்லுக்கு நிற்பது?

போன வாரம் தோற்றுச் சிரித்துக்கொண்டே இறங்கிய வெள்ளத்துரையைப் பிணமாகத்தான் தூக்கினார்கள். மூடிக்கிடந்த கொப்பரைத் தேங்காய்க் கிடங்கில் மூச்சுக்குக் காற்றில்லை. இன்று வந்திருப்பதும் கொப்பரைக் கப்பல்.

அந்தக் கூட்டத்தில் ஒருவனான ஸ்டானிஸ்லாசின் மனைவி வியாகுலம்மாளுக்கு நிறைமாதம். விடியற்காலையில் அவள் அதே கடைப் பிஸ்கோத்து ஒன்றைத் தோசைக்கல்லில் போட்டு, கல்லாட்டம் ஆகிறவரை வாட்டினாள்.

"யாருக்கும் தெரியாம மாத்திக்கோ. நீ எறங்கக் கூடாது, ஆமா!"

கடையில் அவன் மாற்றி முடித்த பிறகுதான் சிலுவைமுத்து வந்து எதிரே உட்கார்ந்தான். வியாகுலம்மாளின் ஒரே தம்பி.

"நீ எங்கடா இங்க?"

"வெள்ளத்துரை எடம் காலியா கீதுல்ல மாமா? மேஸ்திரி இட்டாந்தாரு."

ஐயோ, சொல்லிவிடலாமா? அதற்குள் ஹமீது கைதட்டிவிட்டார். எல்லாக் கைகளும் டம்ளருக்குள் போயின. இன்று ஒருவரும் சிரிக்கவில்லை. சிலுவைமுத்துவின் பிஸ்கோத்து உப்பிக்கொண்டே வந்தது. விரலை விட்டால் போதும், தன்னுடையது விழுந்துவிடும், பையன் பிழைப்பான். விடு, விடு என்று ஸ்டானிஸ்லாஸ் தனக்குள் கெஞ்சினான். பாழாய்ப்போன விரல் கேட்கவில்லை. பயம் அதை இறுக்கிப் பிடித்திருந்தது.

சிலுவைமுத்துவினுடையது விழுந்தது.

"போய்த் தொலயுது. உன்தக் குடு மாமா" என்று பிடுங்கிக் கடித்தான். பல் இறங்கவில்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அக்கா அவனுக்குப் பிஸ்கோத்தை இப்படித்தான் வாட்டிக் கொடுப்பாள். அவன் மாமாவின் முகத்தைப் பார்த்தான்.

"அக்காவா?"

ஸ்டானிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் எறங்குனத அதுகிட்ட சொல்லாத. பயந்துக்கும்."

கப்பலுக்குப் போனதும், இடுப்பில் கயிறு கட்டி, பிஸ்கோத்தை வாயில் கவ்விக்கொண்டு அவன் கிடங்கின் ஏணியில் இறங்கினான். கயிற்றின் மறுமுனை ஸ்டானிஸ்லாசின் கையில். இருட்டுக்குள் ஆள் தெரியவில்லை. கறுக், கறுக் என்று கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அடுத்த கடிக்காக ஸ்டானிஸ்லாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.