முப்பதை விட்டு இறங்காதவள்

கேளுங்கள் கண்ணுகளா, அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து வீட்டின் பின்னறையில் தங்கமீன் வளர்த்தார்கள். முட்டையிடும் பன்னிரண்டு தாய்மீன்கள்தான் அவர்கள் பிழைப்பு. ஒருநாள் அவற்றின் மேலெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். தோலுக்குள் குடியிருந்து மீனைத் தின்னும் ஒட்டுண்ணி அது.

அண்ணி தொட்டியில் கல்லுப்பைக் கரைத்தாள். ஹீட்டரை மெல்ல மெல்ல முப்பது டிகிரிக்கு ஏற்றினாள். மீன்களுக்கு மூச்சு முட்டாமலிருக்கக் காற்றுக்குழாய் ஒன்றையும் கூடுதலாக விட்டாள். மறுநாளே புள்ளிகள் இரட்டித்தன.

"ஐயோ அண்ணி, காப்பாத்தச் சொன்னா வேக வைக்கிறீங்களே!" நாத்தனாரின் கை ஹீட்டர் சுவிட்சை அணைக்கப் போனது.

"கையை எடுடி. தோலுக்குள்ள இருக்கிறதை உப்பு ஒண்ணும் பண்ணாது. தண்ணி ஜில்லுன்னு இருந்தா வாரக்கணக்கா உக்காந்து தின்னும். சூட்டுல சட்டுனு கொழுத்து வெளிய விழுந்துடும். கொழுத்ததாலதான் இப்பக் கண்ணுக்குத் தெரியுது."

ஐந்தாம் நாள் ஒரு புள்ளிகூட இல்லை. நாத்தனார் குதித்துக்கொண்டு மறுபடி சுவிட்சுக்கு ஓடினாள்.

"நில்லு! விழுந்தது தொட்டியடியில நூறு நூறாப் பெருகிக்கிட்டிருக்கு. அது மீனைத் தேடி நீந்தி வரும்போதுதான் உப்புக்கிட்ட மாட்டும். குளுந்துச்சுன்னா வராம பதுங்கிக்கும்."

"இன்னும் எத்தனை நாளைக்கு?"

"பத்து நாள்."

அண்ணி சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினாள். நாத்தனாருக்குத் தன் கைமேலேயே நம்பிக்கையில்லை. இன்னொரு பிளாஸ்திரியை எடுத்து அதன் மேல் தானே அழுத்தி ஒட்டினாள்.

அதிலிருந்து பத்தாம் நாள் இருவரும் அவற்றை உரித்தபோது, பன்னிரண்டு மீன்களும் இரைக்கு வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன.