வைக்காமல் விட்ட நீலத் தாள்

ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்தில் யாராவது எழுந்து சாட்சி சொல்வது அந்தச் சபையின் வழக்கம். அன்று எழுந்தவர் பாடகர் குழுவின் பெரியக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் குரல் அப்படி.

"ஆறு மாசமா வாய்க்குள்ள புண்ணு," என்றார். "பல் செட்டு வெச்சதிலேர்ந்து. இடது பக்கம், கீழ. ரொட்டியக்கூடப் பால்ல ஊறவெச்சுத்தான் சாப்பிடறேன். பாடினா கண்ல தண்ணி வருது. யார்கிட்டயும் சொல்லல. ஆண்டவர் எவ்வளவு சுமந்தாரு, நான் இதச் சுமக்கக் கூடாதான்னு எடுத்துக்கிட்டேன். இது அவர் எனக்குக் கொடுத்த சிலுவை."

சபை ஸ்தோத்திரம் சொன்னது. போதகர் அதையே பிடித்துக்கொண்டு கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிக் கால் மணி நேரம் கூடுதலாகப் பேசினார். கடைசி பெஞ்சில் இருந்த ஒருவனுக்கு மட்டும் எதுவும் காதில் ஏறவில்லை. ஆறு மாதம். இடது பக்கம், கீழே. அந்தப் பல் செட்டைச் செய்தது அவன்.

ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் அவனுக்கு வேலை. டாக்டர் எடுத்துத் தருகிற ஈறின் அச்சை வைத்து, மெழுகில் பல் நட்டு, அதை இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக்காக வேகவைத்து எடுக்க வேண்டும். வேகும்போது பிளாஸ்டிக் ஒரு மயிரிழை நகரும். அதற்காகக் கடைசியில் ஒரு சோதனை உண்டு. மேல் செட்டையும் கீழ் செட்டையும், தாடை மாதிரித் திறந்து மூடுகிற ஒரு இரும்புச் சட்டத்தில் பொருத்தி, நடுவே நீலத் தாள் வைத்துக் கடிக்க விட வேண்டும். எந்தப் பல் முந்திக்கொண்டு மோதுகிறதோ அதில் நீலம் அப்பிக்கொள்ளும். அதைத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். வாயில் வைத்துப் பார்த்தால் இந்தக் கோளாறு பிடிபடாது. ஈறு அமுங்கிக் கொடுத்துவிடும். இரும்பு அமுங்காது. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். முடித்ததும் அந்த நோயாளியின் அட்டையில் கையெழுத்து.

இரண்டு வருடமாக அவன் கையெழுத்தை மட்டும் போட்டுக்கொண்டிருந்தான்.

சோம்பல் இல்லை. தாள் வைத்துப் பார்த்த காலத்தில் அவன் செய்த செட்டுகளில் நீலம் சீராகத்தான் விழும். நல்ல கை என்று எல்லோரும் சொன்னார்கள். நாலு பேர் சொன்னால் கைக்கும் கர்வம் வந்துவிடுகிறது. சோதனையெல்லாம் மற்றவர்களுக்கு என்று விட்டுவிட்டான்.

ஏழு மாதத்துக்கு முன் அவன் மனைவி இறந்தாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், பதினோராம் நாள் இல்லை. அதற்குப் பிறகு அவன் என்ன செய்தாலும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. தாமதமாக வந்தால், பாவம். ஜெபக் கூட்டத்துக்கு வராவிட்டால், பாவம், விடுங்க. அந்தச் சொல் போர்வை மாதிரி அவன்மேல் கிடந்தது. அவனும் அதை விலக்கவில்லை.

திங்கட்கிழமை பெரியக்காவின் அட்டையைத் தேடி எடுத்தான். அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துத் தேதி. கீழே அவன் கையெழுத்து.

"என்ன தலைவரே, பழைய அட்டையெல்லாம் தூசு தட்டறீங்க?" என்றார் பல்லழகன்.

பல்லழகன் என்பது பாலிஷ் போடுகிறவருக்கு அந்த அறையில் விழுந்த பெயர். முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் பல்லை மினுக்கிக் கொடுக்கிறவர், தனக்கு முன்பல் இரண்டும் இல்லாமலே திரிகிறார். கேட்டால், முடிவெட்டறவன் தன் தலைய தானே வெட்டிக்கிறானா என்பார்.

"இந்தச் செட்டுக்கு நான் தாள் வெச்சனாண்ணே?"

"என்னக் கேட்டா? கையெழுத்து என்னுதா?" பல்லழகன் பாலிஷ் சக்கரத்தை நிறுத்தினார். "நீங்க தாள் வெச்சு நான் பாத்தே ரெண்டு வருஷம் இருக்கும். பெரிய கை. நமக்கெதுக்கு வம்புன்னு வாய மூடிட்டேன். மூடினாலும் காத்து போவுது, அது வேற."

அவன் அட்டையை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனான். அந்தச் செட்டுக்குத் தாள் வைக்கவில்லை என்றான். இரண்டு வருடக் கதையைச் சொல்லவில்லை. டாக்டரம்மா தேதியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மனைவி போய் ரெண்டு வாரம்கூட ஆகலையே தம்பி. யாரா இருந்தாலும் கை தடுமாறும். அவங்கள வரச் சொல்லுங்க, நான் தேய்ச்சு விட்டுடறேன். காரணத்தையும் நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன்."

நல்ல மனதோடு சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது. தலையை ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்தச் செட்டில் அவன் கை தடுமாறவில்லை. மனைவி சாகாமல் இருந்திருந்தாலும் தாள் வைத்திருக்க மாட்டான். உயிரோடு இருந்தவரை ஒரு பொய் சொல்லாதவள். இப்போது செத்த பிறகு அவனுக்காக அவள் பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

"நானே போய்ச் சொல்லிட்டு வரேன் டாக்டர்," என்றான்.

சாயங்காலம் இரும்புச் சட்டத்தையும் பெரியக்காவின் அச்சுகளையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். கதவைத் திறந்தவர் பெரியக்காவின் வீட்டுக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்; இன்ஜின் சத்தத்தில் காது முக்கால்வாசி போய்விட்டது.

"வாப்பா. டீ போடச் சொல்லட்டா? இவ இப்பல்லாம் வீட்ல பாடறதே இல்லையாம். நேத்து அவ சொல்லித்தான் எனக்கே தெரியும்."

பெரியக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவன் நின்றபடியே விஷயத்தைச் சொன்னான். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"எனக்கு ஒண்ணும் சரி பண்ண வேணாம் தம்பி. நான் இத ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்தாச்சு."

"கழட்டிக் குடுங்கக்கா. இங்கயே வெச்சுப் பாத்துடலாம்."

"இது அவர் கொடுத்த சிலுவைன்னு சொல்றேன்."

"அவர் கொடுக்கலக்கா. நான் கொடுத்தேன்."

"என்ன சொல்றான்?" என்றார் வீட்டுக்காரர்.

"பல்லக் கேக்கறான்," என்று கத்தினார் பெரியக்கா. பிறகு அந்தப் பக்கம் திரும்பி, செட்டைக் கழற்றிக் கழுவி ஒரு தட்டில் வைத்து நகர்த்தினார்.

சட்டத்தில் பொருத்தினான். தாள் வைத்தான். மூடித் திறந்தான். இடது கடைவாயில் ஒரு பல்லில் நீலம் மை கொட்டின மாதிரி அப்பியிருந்தது. வலது பக்கம் முழுக்க வெள்ளை. விவரம் தெரியாதவருக்கும் விளங்குகிற மாதிரி இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

பெரியக்கா கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டு பேசினார். பல் இல்லாமல் அவர் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "நேத்து சபை முன்னால எழுந்து நின்னு சொன்னேன். எத்தன பேர் வந்து கையப் புடிச்சாங்க தெரியுமா? இப்ப, அரை மணி நேரத்துல தேயற சிலுவைன்னு போய்ச் சொல்லவா?"

அவன் நீலத் தாளை மடித்து வைத்தான். அவர் முகம் இளகியது.

"நீ என்ன பண்ணுவ, பாவம். அவள அடக்கம் பண்ணிட்டு வந்து உக்காந்திருப்ப. கண்ணு எங்க இருந்திருக்கும், கை எங்க இருந்திருக்கும். விடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

தப்பித்துக்கொள்ள மறுபடியும் அதே கதவு. இந்தத் தடவை காயப்பட்டவரே திறந்து விட்டார்.

"அதுக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லக்கா," என்றான். "ரெண்டு வருஷமா நான் யாருக்குமே தாள் வைக்கல. அவ நல்லா இருந்தப்பவே. வேண்டியதில்லன்னு நெனச்சேன். என் கைய நான் அவ்வளவு நம்பினேன்."

சொல்லி முடித்ததும்தான் தெரிந்தது, எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டான் என்று. ரெண்டு வருஷம். அத்தனை வாய்.

"உக்காரு," என்றார் பெரியக்கா. "தேய். பாத்துத் தேய்."

அடுத்த ஞாயிறு பெரியக்கா மறுபடி எழுந்தார். சபை இன்னொரு உருக்கமான சாட்சிக்குத் தயாரானது. "பல் செட்டு சரியில்லாம இருந்துச்சு," என்றார். "டாக்டர்கிட்ட போயிருந்தா ஒரு நாள்ல சரியாயிருக்கும். போகல. வலிய வெச்சுக்கிட்டு உங்க எல்லாரையும்விடப் பெரிய ஆளா ஆகிட்டேன்னு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு. ஆண்டவர் மேல பழியும் போட்டுட்டேன். அவ்வளவுதான்." உட்கார்ந்துவிட்டார். அவன் பெயரை அவர் சொல்லவில்லை. அவனாகவே எழுந்து, செய்தவன் நான் என்றான். வாசலில் நாலைந்து பேர் பிடித்துக்கொண்டு, அந்த நேரத்துல நீ என்னப்பா பண்ணுவ என்றார்கள். ஒவ்வொருவரிடமும், அந்த நேரத்துக்கு முன்னாலேயே அப்படித்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. நாலாவது ஆளுக்குச் சொல்லும்போது நாக்கு வறண்டது. தாழ்மை என்பது ஒரு தடவை குனிந்துவிட்டு நிமிர்கிற காரியம் என்று நினைத்திருந்தான்.

டாக்டரம்மாவிடமும் முழுக்கச் சொன்னான். அவர் சத்தம் போடவில்லை. பதிவேட்டை எடுத்து இரண்டு வருடத்துச் செட்டுகளை எண்ணினார். "நூத்திப் பதினாறு செட்டு," என்றார். "எல்லாருக்கும் போன் பண்ணுங்க. நீங்களேதான் பண்ணணும். வர்ற செட்ட நீங்களே தேயுங்க. ஆனா தாள் வெச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடறது இனிமே அவர்." பல்லழகனைக் காட்டினார்.

"கெட்டுது போங்க," என்றார் பல்லழகன். ஆனால் அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாகத்தான் இருந்தார். அவன் முடித்துக் கொடுத்த செட்டுகளில் நாலில் ஒன்றைத் திருப்பித் தந்தார். "இன்னும் கொஞ்சம் தலைவரே. பெரிய கைன்னாலும் பல்லுக்குத் தெரியாதில்ல." அவன் வாங்கித் தேய்த்தான். முதல் வாரம் காது சுட்டது.

காலையில் பத்துப் போன். சிலர் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவர் முழுசாகத் திட்டி முடித்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்றார். ஒரு அம்மா, செட்டைக் கழற்றி வைத்து ஒரு வருடம் ஆகிறது, பொக்கை வாயைப் பார்த்துப் பேரன் பயப்படுகிறான் என்றார். எல்லோரிடமும் அவன் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னான். செய்ய வேண்டிய சோதனையைச் செய்யாமல் கொடுத்துவிட்டேன், என் தப்பு.

இரண்டாம் வாரம் ஒரு பெரியவர் போனை எடுத்தார். அவன் பட்டியலில் இருந்த அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்டான்.

"அவ போய் மூணு மாசமாச்சே. நீங்க யாரு?"

அவன் சொன்னான். மறுமுனையில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அந்தப் பல்லு இங்கதான் இருக்கு," என்றார் பெரியவர். "கொண்டாந்தா, வலிச்சுதா இல்லையான்னு தெரியுமா?"

"தெரியுங்கய்யா."

மறுநாள் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. செட்டை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில், பஞ்சு சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவன் அந்த அம்மாவின் அச்சைத் தேடி எடுத்தான். போன வருடத்துத் தேதி. மனைவி இருந்து, அவன் வீட்டில் சாயங்காலம் விளக்கு எரிந்துகொண்டிருந்த காலம்.

பல்லழகன் தாளை வைத்து மூடித் திறந்தார். இடது பக்கம் இரண்டு பல்லில் நீலம் அடர்த்தியாக இருந்தது. பல்லழகன் பெரியவருக்குத் தெரியாமல் அவனைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஒரு இம்மி அசைத்தார். செத்துப்போனவருக்கு வலித்தால் என்ன, வலிக்காவிட்டால் என்ன. நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் மனுஷன் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

"வலிச்சிருக்குங்கய்யா," என்றான். "இடது பக்கம். மெல்லும்போது. தாங்க முடியாத அளவுக்கு இல்ல. ஆனா தினமும் இருந்திருக்கும். நான் ஒழுங்கா செஞ்சிருந்தா இருந்திருக்காது."

திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. பெரியவர் அந்த இரண்டு நீலப் பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட ரொம்ப நேரம் எடுத்துப்பா," என்றார். "ஒரு வருஷமா. நான் முடிச்சிட்டுக் கைய கழுவிட்டு எழுந்து போயிடுவேன். இவளுக்காக யாரு உக்காந்திருக்கறதுன்னு சொல்லிட்டு. அவ ஒண்ணுமே சொன்னதில்ல."

பல்லழகன் சக்கரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் தப்புதாங்கய்யா," என்றான் அவன்.

"உன் தப்பு உனக்கு. இது என்னுது." கோபமில்லாமல்தான் சொன்னார். டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

"அதச் சரி பண்ணு," என்றார்.

"ஐயா?"

"அந்தப் பல்ல. சரி பண்ணு."

"அரை மணி நேரம் ஆகுங்கய்யா."

"ஆகட்டும்."

அவன் செட்டைக் கையில் எடுத்து, வாய் ஒன்று அதற்குக் காத்திருப்பது போலத் தேய்க்க ஆரம்பித்தான். வெள்ளைத் தூள் விரலில் படிந்தது.

"வீட்ல யாரு?" என்று கேட்டார் பெரியவர், கொஞ்ச நேரம் கழித்து.

"யாரும் இல்லங்கய்யா. அவ போய் எட்டு மாசமாகுது."

யாரும் கேட்டு அவன் அதை இவ்வளவு சாதாரணமாகச் சொன்னதில்லை. பதிலுக்கு அவன் எதையும் எதிர்பார்க்கவில்லை. பெரியவர் நாற்காலியை மேசைப் பக்கம் ஒரு சாண் இழுத்துப் போட்டு, முழங்கையை ஊன்றிக்கொண்டு, அவன் முடிக்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.