நாலாவது தோள்

சட்டையின் கடைசிப் பொத்தான் சேரவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்ததில் வயிறு வீங்கிப்போயிருந்தது. டீச்சர் சவப்பெட்டிக்குள் குனிந்து இழுத்துப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு, கணவரின் கையை எடுத்து அந்த இடத்தின் மேல் வைத்தாள்.

ஆசிரியர் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். பொருளாளர் கையில் கொடி மடிந்திருந்தது.

"டீச்சர், கொடி போத்தலாமா? நீங்க சரின்னு சொன்னா மட்டுந்தான்."

அவர் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் அரசுப் பள்ளிகளில் வேலைநிறுத்தம் நடந்தபோது ஆசிரியர் சங்கச் செயலாளர் அவள் கணவர்தான். காலியிடங்களை நிரப்ப வேண்டும், தினக்கூலித் துப்புரவாளர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று பள்ளி வாசலில் தொண்டை கட்டக் கத்தினார். அதே வாசல் வழியாகத் தினமும் உள்ளே போய்ப் பாடம் நடத்தினாள் அவள். பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளை நட்டாற்றில் விட மனசு வரவில்லை. 'கருங்காலி' என்று யாரோ கூவினார்கள். கணவர் கூவவில்லை. அவள் கடந்து போகும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உப்பு கூடிவிட்டது, விளக்கை அணை, அவ்வளவுதான் பேச்சு.

"போத்துங்க. அது அவரோடதுதானே," என்றாள்.

பள்ளியைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாள் வந்து அவளருகில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஆபரேஷன் ஆனப்ப சம்பளத்தோட லீவு குடுத்தாங்க டீச்சர். முன்னெல்லாம்னா மறுநாளே வேற ஆளப் போட்டிருப்பாங்க. எல்லாம் சார் வாங்கிக் குடுத்தது." பிறகு, "நீங்க உள்ள போனப்ப நானும் உங்கள ஏசியிருக்கேன்," என்றாள்.

டீச்சர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

தெருவில் மெக்கானிக் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவர் மகள், டீச்சருடைய கணவரிடம் கணக்குப் படித்தவள். வேலைநிறுத்தம் இழுத்துக்கொண்டே போனது. பெண் வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று துணி தைக்கிற கம்பெனிக்கு அனுப்பிவைத்தார். வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் அவள் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. கணவர் கூப்பிடப் போனார். அவர்கள் கதவைத் திறக்கவில்லை.

டீச்சர் எழுந்து வெளியே போனாள்.

"ஒரு நாள் வந்து அவர நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கணும்னு இருந்தேன்," என்றார் மெக்கானிக். "அதுக்குள்ள போயிட்டாரு."

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"என் பொண்ணப் பத்தி ஒரு தடவையாவது நெனச்சாரா?"

"நேத்து சாயங்காலம் கேட்டாரு. அந்தப் பொண்ணு ஸ்கூலுக்கு வந்துச்சான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வரலன்னேன்."

மெக்கானிக் அவளையே பார்த்தார். "சாகப்போற மனுஷன்கிட்ட வந்துட்டாள்னு சொல்லியிருக்கலாமே."

"அவர்கிட்ட நான் பொய் சொல்றதில்ல."

அதற்குப் பிறகு கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதையும், மறுபடி வாய் திறக்காததையும் அவள் சொல்லவில்லை.

பெட்டியைத் தூக்கும் நேரம் வந்தது. நாலு பேரில் முன்னால் பிடித்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு நிமிர முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். யார் வருவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நகருங்க சார்," என்று மெக்கானிக் உள்ளே வந்து தோளைக் கொடுத்தார்.

அவர் குட்டையான ஆள். முன்னால் மறுபுறம் பிடித்திருந்த பொருளாளரோ நெடுநெடுவென்று வளர்ந்தவர். பெட்டி மெக்கானிக் பக்கம் சாய்ந்தது. பொருளாளர் முழங்காலை மடக்கித் தாழ்ந்துகொண்டார்.

டீச்சர் பின்னால் நடந்தாள். தெரு முழுக்கப் பொருளாளர் அப்படியே, கால்கள் நடுங்க நடுங்க, நிமிராமல் போய்க்கொண்டிருந்தார்.