வள்ளத்தில் இடப்பக்கம்

கல்யாண ஓலை வாசிக்க இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி ஆராதனையில் தூத்துக்குடிக் கோயில் குருவானவர் எழுந்து நின்று, ஹில்டாவின் பெயரையும் நாசரேத்து வேதமணியின் பெயரையும் சேர்த்து வாசிப்பார். இவர்கள் மணம் முடிக்கத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்பார். யாரும் எதுவும் தெரிவிக்க மாட்டார்கள். பின்வரிசையில் யாராவது இருமுவார்கள். மூன்று ஞாயிறு இப்படி வாசித்து முடித்தால் கல்யாணம்.

ஹில்டாவுக்கு இடது காது கேட்காது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அது தெரியாது.

ஒன்பது வயதில் காய்ச்சலோடு காதில் சீழ் வைத்தது. காய்ச்சல் போயிற்று, செவிப்பறையும் போயிற்று. பிறகு பி.எஸ்ஸி. படிக்க மதராஸுக்குப் போனபோது, தவளையை அறுத்துப் பார்க்கும் வகுப்பில், அதன் செவிப்பறை கண்ணுக்குப் பின்னால் எல்லாரும் பார்க்கும்படி ஒரு வட்டமாக வெளியே இருப்பதைக் கண்டாள். தவளை வீட்டில் பெண் பார்க்க வருகிறவர்கள் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளிடம் அதைச் சொல்லவில்லை. அதிகம் பேசுகிறவள் இல்லை ஹில்டா. வெட்கம் என்றார்கள். பாதிதான் வெட்கம். மீதிப் பாதி, யார் என்ன கேட்டார்கள் என்று பிடிபடாத இடத்தில் தலையை ஆட்டிச் சிரித்து வைக்கும் பழக்கம்.

போன வருஷம் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டாரிடம் அப்பா உள்ளதைச் சொல்லிவிட்டார். காப்பியைக் குடித்துவிட்டு, கலந்துகொண்டு சொல்கிறோம் என்று போனவர்கள்தான். அதனால் இந்த முறை பொறுப்பை அண்ணன் மனைவி தேவகனி தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

“அவரு ஒன்னைக் கட்டுதாரா, ஒங்காதைக் கட்டுதாரா?” என்றாள். “ஒரு காது நல்லாக் கேக்குதுல்லா, அது போதும். ஒங்க அண்ணனுக்கு ரெண்டு காதும் கேக்கும். நான் சொல்லுதது எதாவது உள்ள போவுதா?”

பெண் பார்க்க வந்த அன்று நாற்காலிகளைப் போட்டவளும் தேவகனிதான். வந்தவர்கள் அத்தனை பேரும் ஹில்டாவின் வலது பக்கம் இருக்கும்படி போட்டாள். அன்று ஒன்றும் வெளியே தெரியவில்லை.

வேதமணிக்கு வாய்க்கால் ஓவர்சியர் வேலை. தாமிரபரணி அணையிலிருந்து கொற்கைப் பக்கம் வரும் பழைய வாய்க்காலின் கடைசிப் பகுதி அவர் பொறுப்பில் இருந்தது. தூர் வாரும்போதெல்லாம் அதன் அடியிலிருந்து சிப்பியும் சங்கும் பானை ஓடும் வந்தன. கடல் ஒரு காலத்தில் அங்கே இருந்திருக்கிறது. இப்போது அங்கிருந்து கடலைப் பார்க்க வண்டி கட்டிப் போக வேண்டும். கிடைத்ததையெல்லாம் மேலதிகாரி ஒருவர் வாய்க்கால் பங்களாவின் ஓர் அறையில் அடுக்கிவைத்து ‘மியூசியம்’ என்று பலகை மாட்டினார். உலகச் சண்டை முடிந்த பிறகு சனிக்கிழமைகளில் ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். வருகிறவர்களை வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டுவது வழக்கமாயிற்று. ஓலை வாசிக்கும் முன்னால் ஒருமுறை பேசிக்கொள்ளலாம், வாய்க்காலுக்கு வரட்டும் என்று வேதமணி சொல்லியனுப்பினார். துணைக்கு அவருடைய அம்மா ஞானபாக்கியமும் தேவகனியும் வருவதாக ஏற்பாடு.

கரி போட்டு ஓடும் பஸ்ஸில் ஏரல் வரை வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் கரைக்கு வந்து இறங்கினார்கள். தை மாதத் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. பிசானப் பருவத்து நெல் கதிர் வாங்கி நின்றது. வேதமணியும் அவர் அம்மாவும் முன்னதாகவே வந்து காத்திருந்தார்கள். வள்ளம் தட்டையாக, அகலம் குறைவாக இருந்தது. குறுக்கே இரண்டு பலகைகள் எதிரெதிராகப் போட்டிருந்தன. ஒரு பலகைக்கு இரண்டு பேர்.

ஞானபாக்கியம் முதலில் ஏறி, முன் பலகையில் வலப்பக்கமாக உட்கார்ந்தார். வள்ளம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

“ஹில்டா, நீ அந்தப் பலகைல இடது பக்கம் இரி,” என்றாள் தேவகனி. அப்படி உட்கார்ந்தால் வேதமணி வலது காதுப் பக்கம் வருவார்.

“அது ஆவாது தாயி,” என்றார் வள்ளக்காரர் வன்னியபெருமாள். பின்னால் கழியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். “பெரியம்மா வலது பக்கம் இருக்காக. ஓவர்சியரய்யா இடது பக்கம் இருந்தாத்தான் வள்ளம் நேரா நிக்கும்.”

“என்னைச் சொல்லுதான் பாரு,” என்றார் ஞானபாக்கியம். “நான் என்ன நெல்லு மூட்டையா?”

“மூட்டைன்னா நானே நகத்தி வச்சிருவேன் பெரியம்மா.”

வேதமணி சிரித்துக்கொண்டே இடப்பக்கம் உட்கார்ந்தார். ஹில்டா வலது ஓரத்தில் உட்கார்ந்தாள். கேட்காத காது அவர் பக்கம் இருந்தது. தேவகனி எதிர்ப் பலகையிலிருந்து அவளைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னாள். சமாளி என்று அர்த்தமாக இருக்கலாம்.

வேதமணி மெதுவாகப் பேசுகிறவர். வாய்க்கால் அமைதியாக இருந்த வரையில் ஹில்டாவால் சமாளிக்க முடிந்தது. அவர் குரல் அவள் தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்கு வந்து சேர்ந்தது. வாய்க்கால் எத்தனை தலைமுறைக்கு முந்தியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது என்றார். கரையில் ஒரு வளைவைக் காட்டி, இங்கே மண் எப்போதும் இளகும் என்றார். காலேஜில் முதல் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்தே பட்டம் வாங்கியவள் அவள். எந்தப் பக்கம் இருந்து கேட்டால் எவ்வளவு கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். திரும்பி அவர் வாயைப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். ஆனால் மாமியாராகப் போகிறவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, ஓலைகூட வாசிக்காத பெண், மாப்பிள்ளை முகத்தை நேராகத் திரும்பிப் பார்த்துக்கொண்டு வர முடியாது. மடியில் கைகளை வைத்துத் தண்ணீரைப் பார்த்தாள்.

வலது கரையில் மதகு வந்தது. அதன் அடைப்புப் பலகை தூக்கியிருந்தது. தண்ணீர் வயல் பக்கம் விழும் சத்தம் அவளுடைய நல்ல காதை முழுக்க நிறைத்துவிட்டது. இடது பக்கம் வேதமணி ஏதோ கேட்டார். கேட்டார் என்பது தெரிந்தது; தோள் அவள் பக்கம் திரும்பியது, பிறகு அப்படியே காத்திருந்தது. எதிரே ஞானபாக்கியமும் பதிலுக்காகப் பார்த்தார்.

ஹில்டா தலையை ஆட்டினாள். சிரித்தாள்.

ஞானபாக்கியத்தின் முகம் மலர்ந்தது. வேதமணி திரும்பி நேரே பார்த்து உட்கார்ந்தார். மதகு பின்னால் போய்ச் சத்தம் அடங்கிய பிறகும் அவர் பேசவில்லை.

பங்களா புளியமரங்களுக்கு நடுவே இருந்தது. வன்னியபெருமாளிடமே சாவி இருந்தது. கதவைத் திறந்துவிட்டு, கழியைச் சுவரில் சாத்தி, வெளியே பீடி பற்றவைத்தார்.

“மதராஸ்ல மியூசியத்தைச் செத்த காலேஜ்ம்பாகளாமே,” என்றாள் தேவகனி உள்ளே நுழைந்ததும்.

“இங்கன செத்ததெல்லாம் சின்னச் சாமானா இருக்கு,” என்றார் ஞானபாக்கியம். அலமாரியை எட்டிப் பார்த்தார். “இதுல முத்து இருக்கா?”

“முத்து இருந்தா இங்கன எதுக்கும்மா வைப்பாக?” என்றார் வேதமணி.

உளுத்துப்போன பழைய மதகுப் பலகை ஒன்று மூலையில் நின்றது. அறுத்த சங்குகள் ஒரு தட்டில். அடுத்த அலமாரி முழுக்கச் சிப்பி ஓடுகள். ஹில்டா ஒன்றை எடுத்தாள். மண் நிறம் ஏறியிருந்தது. உள்பக்கம் மட்டும் இன்னும் மினுங்கியது. கரையில் கிடக்கும் சிப்பியை எத்தனையோ பார்த்திருக்கிறாள். நெல் வயலுக்கு நடுவே, ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே இருந்து எடுத்த முத்துச் சிப்பியை இப்போதுதான் கையில் வைத்திருக்கிறாள். வேதமணி அவளுடைய வலது பக்கம் வந்து நின்றார்.

“ரெண்டு ஓடும் ஒண்ணுபோலதானே இருக்கு?” என்றார்.

“இல்ல. இடது ஓடு கொஞ்சம் குழிவா இருக்கும். வலது தட்டை.” ஹில்டா இரண்டைச் சேர்த்துப் பிடித்துக் காட்டினாள். “இந்த ஓரத்துல ஒரு வெட்டு இருக்கு பாருங்க. இது வழியா நார் மாதிரி வெளிய விட்டு, பாறையைப் பிடிச்சுக்கிடும். வலது ஓட்டுலதான் இந்த வெட்டு நல்லாத் தெரியும்.”

“நாங்க அம்புட்டையும் கலந்துல்லா அடுக்கி வச்சிருக்கோம்.”

“பிரிச்சிரலாம். அரை நாள் வேலைதான்.”

இவ்வளவு நீளமாக அவள் பேசி அவர் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. அவர் ஒரு சிப்பி ஓட்டை எடுத்து விரலால் வெட்டைத் தேடினார்.

“இப்படி எங்களுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கலை,” என்றார். “ஸ்கூல் பிள்ளைகளுக்கு நீங்க சொன்னா நல்லாத்தான் இருந்திருக்கும். சரி, நீங்களே வேண்டாம்னுட்டீக.”

ஹில்டாவின் கையில் சிப்பி நின்றது. எதை வேண்டாம் என்றோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் ஜன்னலோரப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஞானபாக்கியம் தேவகனியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நீயும்தான் இருந்தியே தேவகனி, மதகுக்கிட்ட. ஸ்கூல் வேலையை விட்டுட்டு வீட்டோட இருக்கச் சம்மதமான்னு இவன் கேட்டான். சம்மதம்னு தலையை ஆட்டிட்டா. எனக்கு மனசு நெறஞ்சிருச்சு. இதையே நான் சொல்லியிருந்தா மாமியார் கொடுமைம்பாக.”

நாசரேத்துப் பெண்கள் பள்ளியில் வரும் ஜூனில் சயன்ஸ் டீச்சராகச் சேரச் சொல்லியிருந்தார்கள். இந்த இடத்துக்கு ஹில்டா சம்மதித்ததே அந்தப் பள்ளியும் அதே ஊரில் இருந்ததால்தான்.

தேவகனி அவளைக் கையைப் பிடித்து, மரத்தைப் பார்க்க என்று வெளியே கூட்டிப்போனாள். வலது காதுக்குள் பேசினாள்.

“ஒனக்குக் கேக்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும். என்ன செய்யச் சொல்லுதே? நடுவுல புகுந்து அவளுக்குக் கேக்கலைன்னா சொல்லட்டும்?”

“அந்த வேலை, மதினி…”

“போனாப் போவுது. நாளைக்கு ஓலை வாசிச்சிரட்டும். பொறவு மெதுவாப் பேசிக்கிடலாம்.”

“பொறவு என்னன்னு பேச?”

“எல்லாரும் பேசுத மாதிரிதான். புருசன் பொஞ்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும். இப்பச் சொல்லிக் கில்லி வச்சே, போன வருசம் மாதிரி காப்பித் தம்ளரைக் கழுவி வைக்க வேண்டியதுதான்.”

தேவகனி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இப்போது சொன்னால் நாளைக்கு ஓலை இருக்காது. வேலை இருக்கும், ஆனால் அந்த ஊரில் அந்த வீடு இருக்காது. சொல்லாவிட்டால் ஓலை இருக்கும். ஒரே ஒரு தலையாட்டலில் ஒரு வேலை போயிருந்தது. இனி அந்த வீட்டில் இடது பக்கத்திலிருந்து வரும் ஒவ்வொன்றுக்கும் அவள் சம்மதம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

சிப்பியை இன்னும் கையில் வைத்திருந்தாள். உள்ளே போய் அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

திரும்ப வள்ளத்துக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஞானபாக்கியம் அதே இடத்தில் உட்கார்ந்து, புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தேவகனி பக்கத்தில் உட்கார்ந்தாள். வேதமணி இடப்பக்கத்துக்குப் போக ஒரு காலை உள்ளே வைத்தார்.

“நான் இடது பக்கம் இருக்கேன்,” என்றாள் ஹில்டா.

அவள் குரல் அவளுக்கே சத்தமாகப் பட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்படின்னா பெரியம்மாவும் இடம் மாறணுமே தாயி,” என்றார் வன்னியபெருமாள்.

“நான் எந்திரிக்க மாட்டேன்,” என்றார் ஞானபாக்கியம். “இப்பதான் இருந்தேன்.”

“அங்கன இருந்தா என்ன, இங்கன இருந்தா என்ன? ரெண்டு பக்கமும் ஒரே வயலுதான்,” என்றார் வன்னியபெருமாள் ஹில்டாவிடம்.

“வெயிலு,” என்றாள் தேவகனி அவசரமாக. “அந்தப் பக்கம் இருந்தா மூஞ்சில அடிக்குதுல்லா, அதான்.”

வன்னியபெருமாள் அண்ணாந்து பார்த்தார். “வெயிலு உச்சிக்கு வந்துட்டு. எங்கன இருந்தாலும் மண்டைலதான் அடிக்கும்.”

ஞானபாக்கியம் சிரித்தார். வேதமணி சிரிக்கவில்லை. வைத்த காலை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தார்.

“எதுக்குன்னு சொல்லுங்க,” என்றார்.

ஹில்டா திரும்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அவர் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று விட்டாள்.

“மதகுக்கிட்ட நீங்க கேட்டது எனக்குக் கேக்கலை. என்ன கேட்டீகன்னு தெரியாமத்தான் தலையை ஆட்டினேன்.”

“தண்ணிச் சத்தம்,” என்றாள் தேவகனி. “எனக்கே சரியாக் கேக்கலை.”

“ஆமா, என்ன சத்தம்,” என்றார் ஞானபாக்கியம்.

அதோடு நிறுத்திக்கொள்ளலாம். வேலையும் திரும்பக் கிடைக்கும். நாளைக்கு ஓலையும் வாசிப்பார்கள். தேவகனி எதிரே இருந்து அதைத்தான் கண்ணால் கெஞ்சினாள். வள்ளம் கரையில் இடித்து இடித்து நின்றது. வேதமணி, மதகுக்கிட்டக் காத்திருந்த மாதிரியே, இப்போதும் காத்திருந்தார்.

“தண்ணிச் சத்தம் இல்ல,” என்றாள் ஹில்டா. “எனக்கு இடது காது கேக்காது.”