ஆடாதே அக்கா

அந்த ஸ்டுடியோவில் மின்விசிறிக்கு ஒரு சட்டம் உண்டு. படம் எடுக்கும்போது அது ஓடக்கூடாது. ஓடினால் முடி பறக்கும், பின்னால் தொங்கும் வெள்ளைத் துணி அலையும், முகத்தில் ஒரு கற்றை விழுந்தாலும் பாஸ்போர்ட் அலுவலகத்தில் படத்தைத் திருப்பிவிடுவார்கள். இந்தச் சட்டத்தைப் போட்டவள் அவள்தான். சில வாரங்களாக அதை மீறிக்கொண்டிருப்பவளும் அவள்தான்.

"ஏங்க, அந்த ஃபேனைப் போடுங்க."

"இப்பதானே நிறுத்தச் சொன்னே?" என்றான் கணவன்.

"அது அப்போ."

படத்துக்காக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் ஸ்வெட்டரை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார். வெளியே எல்லோருக்கும் குளிர் காலம். அவளுக்கு மட்டும் முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

சிறிய இடம். முன்னால் கவுண்டர், கம்ப்யூட்டர், பிரிண்டர். உள்ளே ஓர் அறை, ஒரு ஸ்டூல், இரண்டு விளக்குகள். கொண்டாட்டப் படங்கள் எல்லாம் அவரவர் போனுக்குப் போய்விட்ட பிறகு, பாஸ்போர்ட்டும் விசாவும் அடையாள அட்டையும்தான் மிச்சம். பிரிண்ட் போட்டு வெட்டுவது கணவன் வேலை. அவன் வெட்டும் நேர்த்தியைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் கத்திரி. படம் எடுப்பது அவள் வேலை. கைக்குழந்தைகளைப் படம் எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பொத்தானை அழுத்துவதற்கு முன் "ஆடாதே, ஆடாதே, ஆடாதே" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருப்பாள். தெருப் பிள்ளைகளுக்கு அவள் ஆடாதே அக்கா.

கேமராவை ஸ்டாண்டில் வைத்து எடுப்பது அவளுக்குப் பிடிக்காது. "கல்லைப் படம் எடுக்கிறவங்களுக்குத்தான் ஸ்டாண்டு. குழந்தை எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம் நாமளும் போகணும்ல?" என்பாள். ஸ்டாண்டு அறை மூலையில் குடைகளோடு சாய்ந்து கிடந்தது.

இப்படியிருந்த கைதான் ஆட ஆரம்பித்தது.

முதலில் கேமராதான் அதிர்கிறதோ என்று சந்தேகம் வந்தது. ரிப்பேர்காரர் திறந்து பார்த்துவிட்டு, "கேமரா நல்லாத்தான் இருக்கு, துடைச்சுக் குடுத்திருக்கேன்" என்று துடைத்ததற்குக் கூலி வாங்கிக்கொண்டார். அப்புறம் டீயின்மீது சந்தேகம் வந்தது. டீயை நிறுத்தினாள். டீ இல்லாத எரிச்சலும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம். கடைசியில் மருத்துவரிடம் போனாள்.

மருத்துவர் அவளுடைய கைகளை நீட்டி விரல்களை விரிக்கச் சொன்னார். மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து விரல்களின்மேல் கிடத்தினார். தாள் சிறகடித்தது. அந்த அறையில் ஜன்னல்கூட இல்லை.

"தைராய்டு அளவுக்கு மேல சுரக்குது. நிக்கிற வண்டியில ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு வச்ச மாதிரி. அதான் படபடப்பு, வியர்வை, பசி, தூக்கமின்மை எல்லாம்."

"கை எப்ப நிக்கும் டாக்டர்?"

"மருந்து வேலை செய்யச் சில வாரம் ஆகும். நடுக்கத்தை மட்டும் சீக்கிரம் குறைக்க ஒரு மாத்திரை இருக்கு. உங்களுக்கு வீசிங் இருக்கிறதால அதைக் குடுக்க முடியாது. கொஞ்சம் பொறுமையா இருங்க."

"பொறுமைக்கு ஏதாவது மாத்திரை இருக்கா?"

மருத்துவர் சிரித்தார். அதற்கு மட்டும் சீட்டில் எதுவும் எழுதவில்லை.

அன்றிலிருந்து காலையில் பல் துலக்கியதும் அவள் செய்யும் முதல் வேலை, விரல்களின்மேல் தாளை வைத்துப் பார்ப்பது. ஒரு நாள் குறைந்தது போலத் தெரியும். மறுநாள் அதற்கும் சேர்த்து ஆடும். ரத்தப் பரிசோதனைக்குப் போனால், "உக்காருங்க, கூப்பிடுறோம்" என்பார்கள். உட்காரத்தானே அவளால் முடியவில்லை? நடைபாதையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடப்பாள். பேரைக் கூப்பிடும்போது அந்த மூலையில் இருப்பாள். அடுத்தவர் உள்ளே போய்விடுவார். மருந்துக் கடையில் அவளுடைய மாத்திரையைத் தவிர எல்லாம் இருக்கும். இரண்டு ஆள் சாப்பாட்டை ஒருத்தியாகச் சாப்பிட்டும் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை.

நாத்தனார் ஒரு நாள் வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணி! எப்படி இப்படி இளைச்சீங்க? ரகசியத்தை எனக்கும் சொல்லக் கூடாதா?"

"ரகசியம் என்ன, வியாதிதான்."

"அது எங்க கிடைக்குது சொல்லுங்க, நானும் ஒரு மாசத்துக்கு வாங்கிக்கிறேன்."

சிரித்தாள். ஆனால் நாத்தனார் போனதும் சமையலறை அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் இறக்கி, துடைத்து, மறுபடி ஏற்றி, வரிசை பிடிக்காமல் மறுபடியும் இறக்கினாள். உடம்புக்குள் யாரோ விசில் அடித்துக்கொண்டே ஓடுவது போலிருந்தது.

கணவன் ஒரு முறை தயங்கித் தயங்கிச் சொன்னான்: "கொஞ்ச நாளைக்கு நான் எடுக்கிறேனே. நீ கவுண்டர்ல உக்காரு."

"கவுண்டர்ல உக்கார வச்சா நான் அந்தக் கவுண்டரையே பிச்சுப் போட்டுடுவேன். நான் எடுத்த படம் ஏதாவது திரும்பி வந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

அவன் கத்திரியை எடுத்துக்கொண்டு, வெட்ட வேண்டிய படம் ஏதும் இல்லாமல், வெறும் தாளை வெட்டிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு உள்ளூர அந்த ஒரு பயம்தான். வியர்க்கட்டும், பசிக்கட்டும், பாவாடை நழுவட்டும். கேமரா மட்டும் கையை விட்டுப் போய்விடக் கூடாது. ஒரு முறை இன்னொரு கைக்குப் போனால், உடம்பு சரியான பிறகும், 'எதுக்கு உனக்குச் சிரமம்?' என்று அந்தக் கையிலேயே தங்கிவிடும். அக்கறையாகப் பிடுங்கினால் திருப்பிக் கேட்பது கஷ்டம்.

ஒரு முற்பகல், அவன் மருந்துக் கடைக்குப் போயிருந்தான். இளம்பெண் ஒருத்தி ஏழெட்டு மாதக் குழந்தையோடு உள்ளே வந்தாள். பார்த்த முகம். போன மாதம் இந்தக் குழந்தையைப் படம் எடுத்திருக்கிறாள்.

"அக்கா, நீங்க இருக்கீங்களா! நல்ல வேளை. இந்தத் தடவை நீங்களே எடுத்துடுங்க. அண்ணா எடுத்ததும் திரும்பி வந்துடுச்சு."

"அண்ணா எடுத்தாரா?"

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீங்களாமே, அன்னைக்கு. முதல்ல நீங்க எடுத்தது தெளிவா இல்லன்னு திருப்பிட்டாங்க. பிரிண்டர்ல கோளாறு, காசு வேண்டாம்னு அண்ணா வேற எடுத்துக் குடுத்தாங்க. அதுல இவன் கண்ணை மூடிட்டிருக்கான். இவங்கப்பா வெளிநாட்டுல வீடு பார்த்து வச்சிட்டு உக்காந்திருக்காரு. இன்னைக்கு அனுப்பலன்னா தேதி தள்ளிப் போயிடுமாம்."

அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அது வியாதியா கோபமா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. "உள்ள வாம்மா" என்றாள்.

பாஸ்போர்ட் படத்தில் குழந்தை மட்டும்தான் இருக்க வேண்டும். பிடித்திருக்கும் கைகூடத் தெரியக் கூடாது. அதற்கு அவளிடம் பழைய வழி ஒன்று இருந்தது. தாயை ஸ்டூலில் உட்கார்த்தி, தலையோடு வெள்ளைத் துணியால் மூடிவிடுவாள். துணிக்குள்ளிருந்தபடி தாய் குழந்தையின் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். படத்தில் வெள்ளைப் பின்னணிதான் தெரியும்.

துணி போர்த்தி முடிப்பதற்குள் கணவன் வந்துவிட்டான். "மாத்திரை நாளைக்குத்தான் வருமாம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவன், குழந்தையைக் கண்டதும் நின்றான்.

"பிரிண்டர் சரியாயிடுச்சா?" என்று கேட்டாள்.

அவன் கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"எத்தனை பேரு?"

"அதை விடேன் இப்போ..."

"எத்தனை பேருக்கு மறுபடி எடுத்தீங்க?"

"ஏழெட்டுப் பேரு இருக்கும்."

"எல்லாம் நான் ஆஸ்பத்திரிக்குப் போற நாளா பார்த்து?"

"நீ ஏற்கெனவே தூங்குறதில்ல. இதை வேற சொன்னா..."

"நான் எடுத்தது தப்பா வந்தா அது என்கிட்டதானே திரும்பி வரணும்? உங்ககிட்ட எதுக்குப் போகுது?"

"அக்கா, இவன் கால் உதைக்கிறான்" என்றது வெள்ளைத் துணி.

குழந்தை சிணுங்க ஆரம்பித்திருந்தது. அவள் கேமராவைக் கையில் தூக்கிப் படம் பிடித்தாள். மூன்று நான்கு முறை. திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். கண் இமைகள் ஈரத் துணியில் எழுதியது போலக் கசிந்திருந்தன. இத்தனை நாளும் பெரிதாக்கிப் பார்க்காமலே அடுத்த ஆளைக் கூப்பிட்டிருந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

கேமராவை அவனிடம் நீட்டினாள். "நீங்க எடுங்க."

அவன் எடுத்தான். குழந்தை அவன் தாடியைப் பார்த்து வீறிட்டது. அவன் "டேய் குட்டி, இங்க பாரு" என்றபோது குழந்தை அங்கே பார்த்தது. வாயை மூடிய நேரம் கண்ணையும் மூடியது.

"இப்ப! இப்ப எடுங்க! ஐயோ, போச்சு. அது கண்ணைத் திறந்து எவ்வளவு நேரமாச்சு!"

"நீ சொல்லி என் காதுல விழுந்து விரலுக்குப் போக வேண்டாமா?"

"அண்ணா, உள்ள மூச்சு முட்டுது. சண்டையைக் கொஞ்சம் சீக்கிரம் போடுங்க" என்றது துணி.

"உனக்குக் கை ஆடுதுன்னா ஆடுதுன்னு ஒத்துக்கயேன். ஒரு பிடிவாதம்!" என்றான் அவன், அடக்கி வைத்திருந்த குரலில்.

"ஆடலன்னு எப்ப சொன்னேன்? பாருங்க, நல்லாப் பாருங்க!"

கவுண்டரிலிருந்து படத்தாள் வெட்டிய மிச்சம் ஒன்றை எடுத்து, கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டி, விரல்களின்மேல் வைத்தாள். கோபமும் சேர்ந்திருந்ததால் அது எப்போதையும்விட வேகமாகப் படபடத்தது.

அழுகை நின்றது.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை வாயை மூடி, கண்களை அகல விரித்து, அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கையை இடப்பக்கம் கொண்டுபோனாள். கண்கள் இடப்பக்கம் வந்தன. வலப்பக்கம் கொண்டுபோனாள். வந்தன.

"என்னாச்சு? தூங்கிட்டானா?" என்றது துணி.

"பேசாதே. ஆடாதே" என்றாள் அவள் கிசுகிசுப்பாக. பிறகு கணவனிடம், அதைவிடத் தாழ்ந்த குரலில், "அந்த ஸ்டாண்டை எடுங்க" என்றாள்.

அவன் போனான். மூலையில் குடைகள் சரிந்து விழும் சத்தம் கேட்டது. ஸ்டாண்டை விரித்துக் கேமராவை மாட்டி, குழந்தையின் கண்ணுக்கு நேராக உயரத்தைத் திருகி வைத்தான். பொத்தானில் விரல் வைக்கப் போனவனை அவள் தடுத்தாள்.

"ஒயர் இருக்குல்ல, அது."

கேமராவைத் தொடாமல் தள்ளி நின்று அழுத்துவதற்கான ஒயர் அது. வாங்கிய நாளிலிருந்து டிராயரில் சுருண்டு கிடந்தது. அவன் அதைச் செருகி, நுனியில் இருந்த பொத்தானை அவளுடைய இடது கையில் கொடுத்தான். வலது கையைத் தாளோடு லென்ஸுக்குச் சற்று மேலே பிடித்தாள். குழந்தையின் பார்வை நேராக வந்து நின்றது. தாள் ஆடிற்று. ஒயர் பிடித்த கையும் ஆடிற்று. கேமரா ஆடவில்லை.

"ஆடாதே, ஆடாதே, ஆடாதே..."

அழுத்தினாள்.

பெரிதாக்கிப் பார்த்தாள். இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது. கருவிழியில், மிகச் சிறியதாக, ஒரு வெள்ளைச் சதுரம் தெரிந்தது.

துணியை விலக்கியபோது தாயின் முடி நாலா பக்கமும் நின்றது. கணவன் படத்தை அளவாக வெட்டிக் கொடுக்க, அந்தப் பெண் கவுண்டரிலேயே நின்று அதைப் போனில் ஸ்கேன் செய்து விண்ணப்பத்தில் ஏற்றினாள். சிறிது நேரம் ஒரு வட்டம் சுற்றியது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பச்சையாக ஒரு டிக் வந்தது.

"ஏத்துக்கிச்சு அக்கா!" என்று குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினாள். "பிரிண்டர் சரியானதுல எவ்வளவு வித்தியாசம் பாருங்க!"

"ஆமா" என்றாள் அவள், பிரிண்டரைப் பார்க்காமல் கணவனைப் பார்த்து.

அந்தப் பெண் போனதும், திரும்பி வந்த படங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் காட்டச் சொன்னாள். உட்காராமல், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லோரும் ஓடும் பேருந்திலிருந்து எட்டிப் பார்ப்பவர்களைப் போல இருந்தார்கள்.

"இனிமே திரும்பி வந்தா சொல்லணும்."

"சொன்னா டப்பாவையெல்லாம் இறக்குவே."

"இறக்குறேன். நீங்க ஏத்தி வைங்க. ஆனா சொல்லணும்."

"சரி" என்றான். பிறகு, "கல்லைப் படம் எடுக்கிறவங்களுக்குத்தான் ஸ்டாண்டுன்னியே" என்றான்.

"அதை இன்னைக்கேதான் ஞாபகப்படுத்தணுமா?"

வாசலில் ஒருவர் கனைத்தார். அடையாள அட்டைக்குப் படம் வேண்டுமாம். கணவன் எழுந்து அவளைப் பார்த்தான். ஸ்டாண்டை மடக்கவா, இல்லை கேமராவைத் தானே எடுத்துக்கொள்ளவா என்று கேட்கும் பார்வை. அவள் அதற்குள் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு அறைக்குள் போயிருந்தாள்.

"உக்காருங்க சார். முதுகை நிமிர்த்துங்க. ஏங்க, ஃபேனை நிறுத்துங்க."

விசிறி மெல்ல நின்றது. வியர்வை புருவத்தில் இறங்கியது. வந்தவர் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே கல்லைப் போல உட்கார்ந்திருந்தார்.

"ஆடாதீங்க, ஆடாதீங்க..." என்று சொல்லிக்கொண்டே, ஒயர் எட்டும் தூரம்வரை அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்துகொண்டிருந்தாள்.